நான் எழுதாத உறுதி

நான் நொத்தாரிசு ஆவதற்கு முன்பே எனக்குக் கட்சிக்காரர் இருந்தார்கள். எல்லாரும் உறவுக்காரர். தாழ்வுபாட்டில் யாருக்காவது காணி உறுதிப் பத்திரம் எழுதவோ பெயர் மாற்றவோ இருந்தால், அவர்கள் மன்னார் ரவுணில் இருக்கும் நொத்தாரிசுமாரைத் தேடிப் போகவில்லை. பழைய உறுதியைச் சொப்பிங் பையில் சுற்றிக்கொண்டு எங்கள் அம்மாவிடம் வந்தார்கள்.

"பிள்ளை படிச்சு முடிச்சு வரட்டும். அதுமட்டுக்கும் இது உன்னட்டயே இருக்கட்டும்" என்பார்கள்.

அப்போது நான் கொழும்பில் சட்டப் படிப்பின் முதலாம் வருடத்தில் இருந்தேன். ஒரு வாடகை அறையில் மூன்று பிள்ளைகளோடு இருந்துகொண்டு, ஆங்கிலப் புத்தகத்தைத் தமிழில் விளங்கிக்கொள்ளப் பாடுபட்டுக்கொண்டிருந்தேன். இங்கே ஊரில் அம்மா அந்தப் பைகளை ஒவ்வொன்றாக வாங்கி, அலுமாரியின் மேல்தட்டில், பெருநாளுக்குக் கட்டும் சேலைகளுக்குக் கீழே வைத்துப் பூட்டினார். விடுமுறையில் வந்து அலுமாரியைத் திறந்தால் பூச்சி உருண்டை வாசமும் கருவாட்டு வாசமும் சேர்ந்து அடிக்கும். ஊரில் அரைவாசிக் காணி எங்கள் வீட்டு அலுமாரிக்குள் இருந்தது என்று சொன்னால் கொஞ்சம்தான் கூட்டிச் சொல்கிறேன்.

சட்டத்தரணி வேறு, நொத்தாரிசு வேறு என்பதை எங்கள் சனத்துக்கு விளங்கப்படுத்த நான் எடுத்த முயற்சி எல்லாம் வீண்போயிற்று. சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம் எடுத்துக் கறுப்புக் கோட்டும் போட்டு வந்த பிறகும் உறுதி எழுத முடியாது. அதற்கு உறுதி எழுதும் பாடத்தில் தனியாகச் சோதனை பாஸ் பண்ண வேண்டும். பிறகு அமைச்சுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அங்கிருந்து ஆணைப்பத்திரம் வர வேண்டும். அதை எடுத்துக்கொண்டு மாவட்ட நீதிமன்றத்தில் இன்னொரு சத்தியம் எடுக்க வேண்டும். கையெழுத்தும் முத்திரையும் எப்படி இருக்கும் என்று காணிப் பதிவகத்துக்கு மாதிரி கொடுக்க வேண்டும். இவ்வளவையும் பெரிய மாமிக்கு ஒருநாள் பொறுமையாகச் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப நீ இன்னும் பாஸ் பண்ணேல்லையோ?" என்றார். அன்றிலிருந்து விளங்கப்படுத்துவதை விட்டுவிட்டேன்.

ஆனால் இந்தக் காத்திருப்புக்கு மூலகாரணம் மாமியும் இல்லை, ஊரும் இல்லை. எங்கள் அப்பாதான். அவர் தொடங்கி வைத்ததைத்தான் மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

அப்பா கடலுக்குப் போகிறவர். சொந்தமாக ஒரு சின்னப் போட், ஒரு இஞ்சின், கொஞ்ச வலை. இடம்பெயர்ந்து திரிந்து ஊருக்குத் திரும்பிய பிறகு அவரும் அம்மாவும் சேர்ந்து உழைத்துத் தேடிய காணி ஒன்றுதான் எங்களுக்கு இருந்தது. வீடும் அதற்குப் பக்கத்தில் வெறும் வளவும், நடுவில் கிணறும். அந்தக் காணியை வாங்கிய நாளில் அப்பாவுக்கு நடந்த ஒன்றை அம்மா எனக்குச் சொல்லியிருக்கிறார். கடலால் வந்த கையோடு உடுப்பை மாற்றிக்கொண்டு உறுதி எழுதுகிற கந்தோருக்குப் போயிருக்கிறார். அவர் உள்ளே போனதும் அங்கே இருந்த ஒருவர் எழும்பி யன்னலைத் திறந்துவிட்டு, "நீங்கள் கதவடியில இருங்கோ" என்றிருக்கிறார். அப்பா கதவடி வாங்கிலிலேயே பகல் முழுக்க இருந்து, கையெழுத்துப் போடக் கூப்பிட்ட நேரம் மட்டும் உள்ளே போய்வந்தார். அதைப் பற்றி அவர் வாய் திறந்து ஒரு சொல் சொன்னதில்லை. நான் சட்டம் படிக்கப் போகிறேன் என்று சொன்ன நாளில் மட்டும், "நல்லது. எங்கட உறுதியில என்ர பிள்ளையின்ர சீல் விழோணும்" என்றார்.

அந்த ஒரு வசனத்தில் எங்கள் வீடு பல வருடம் சிக்கிக்கொண்டு கிடந்தது.

சிக்கியது உண்மையில் என் தங்கச்சிதான். அவள் ஊரில் முன்பள்ளி ரீச்சர். பேசாலையில் ஒரு பெடியனை விரும்பினாள். அவன் கட்டாரில் வேலை. இரண்டு வீட்டுக்கும் சம்மதம். அப்பா தங்கச்சிக்கு வீட்டை எழுதிக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். பெடியனின் தாய் நேரே கதைக்கிற மனிசி. எனக்கு அவரை முதல் நாளே பிடித்துப்போயிற்று, அவர் கதைத்தது எங்களுக்குத்தான் இடி என்றாலும். எங்கள் வீட்டு விறாந்தைக் கதிரையில் இருந்து, தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணை, நாங்கள் வேற ஒண்டும் கேக்கேல்ல. நீங்கள் குடுக்கிறன் எண்டு சொன்ன வீட்டை எழுதிப்போட்டு வாங்கோ. உறுதியைக் கண்டாப் பிறகு கோவில்ல அறிவித்தல் குடுப்பம்" என்றார்.

எங்கள் கத்தோலிக்கக் கோவிலில் மூன்று ஞாயிறு பூசையில் கலியாண அறிவித்தல் வாசிக்க வேண்டும். விபூதிப் புதன் வந்து தபசுகாலம் தொடங்கிவிட்டால் கலியாணம் வைக்க மாட்டார்கள். பெடியனுக்கு லீவு தை பிறந்து தபசுகாலம் வரைக்கும்தான். அதைத் தவறவிட்டால் அவன் திரும்பிப் போய்விடுவான், அடுத்த லீவு எப்போது என்று யாருக்கும் தெரியாது. அந்தத் தாய் மேலே ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கட்டார்ப் பெடியனுக்குப் பேசாலையிலேயே பெண் இருக்கும் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

"ஏன் அண்ணை சுணக்கம்? ரவுணில எத்தினை பேர் இருக்கினம் எழுத" என்று அவர் எழும்பும்போது கேட்டார்.

"என்ர மூத்தவ எழுதுவா" என்றார் அப்பா. அவ்வளவுதான்.

மூத்தவ அப்போது சோதனை பாஸ் பண்ணி, விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு, நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். அனுப்பிய விண்ணப்பமும் ஒருமுறை திரும்பி வந்தது. பிழை என்னுடையது. நான் இடம்பெயர்ந்திருந்த காலத்தில் மடுவில் பிறந்தவள்; என் பிறப்பைப் பிந்தித்தான் பதிந்தார்கள். சான்றளித்த பிரதி வைக்க வேண்டிய இடத்தில் நான் வெறும் போட்டோப் பிரதியை வைத்து அனுப்பியிருந்தேன். ஊரெல்லாம் என்னை நம்பிக் காணியைப் பூட்டி வைத்திருக்க, எனக்கு என் பிறப்பையே ஒழுங்காக அத்தாட்சிப்படுத்தத் தெரியவில்லை. தபால்காரர் அந்தக் கடித உறையைத் தந்தபோது அம்மா மெழுகுதிரி கொளுத்தப் போய்விட்டார், ஆணைப்பத்திரம்தான் வந்துவிட்டது என்று. அவரைக் கூப்பிட்டு அதை அணைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எரியட்டும் என்று விட்டுவிட்டேன்.

திருத்தி மறுபடி அனுப்பினேன். அந்த மாதங்களில் நான் ஒரு மூத்த சட்டத்தரணியின் கந்தோரில் வேலை செய்தேன். மன்னார் பஸ் நிலையத்துக்குக் கிட்ட, கீழே மருந்துக் கடை, மேலே அவருடைய கந்தோர். எல்லாரும் அவரை 'மிஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான். உறுதி எழுதுவதில் பெயர் எடுத்தவர். கட்சிக்காரர் அழுதாலும் சிரித்தாலும் முகம் மாறாமல் அடுத்த பக்கத்தைத் திருப்புகிறவர். அங்கே நான் ஒவ்வொரு நாளும் உறுதிகளை எழுதினேன், ஒப்பிட்டுப் பார்த்தேன், எல்லாம் அவருடைய பெயரில். பின்னேரம் நாலு மணிக்குத் தங்கச்சியின் போன் அடிக்கும்.

"அக்கா, வந்ததோ?"

"இல்லையடி."

"சரி."

முதலில் 'சரி' சொல்லி வைத்தவள், மார்கழி பிறந்ததும் வேறு விதமாகக் கதைக்கத் தொடங்கினாள். "அப்பாவுக்கு உன்ர சீல் வேணும், அக்கா. எனக்கு என்ர வாழ்க்கை வேணும். ஆர் எழுதினா என்ன, வீடு ஓடியே போகப்போகுது?" அவள் சொன்னதில் ஒரு சொல்லும் பிழை இல்லை. நான் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் கெஞ்சினேன். மிஸ்ஸிடம் போவோம், அவ நாளைக்கே எழுதித் தருவா என்றேன். அப்பா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்.

"இவ்வளவு காலம் பொறுத்தனாங்கள். இன்னும் கொஞ்சம்தானே."

எனக்குக் கோபம் வந்தது. அந்த மனிதருக்கு முன்னால் கோபப்படவும் முடியவில்லை. கதவடி வாங்கில் கண்ணுக்குள் வந்து நின்றது. நானும் அந்த முத்திரையை விரும்பினேன் என்பதை இங்கே ஒளிப்பதில் பயனில்லை. அப்பாவின் உறுதியின் அடியில் என் கையெழுத்து இருக்க வேண்டும் என்று அவரைவிடக் கூடுதலாகவே விரும்பினேன்.

ஆணைப்பத்திரம் தை மாதத்தில் வந்தது. தமிழ் மொழியில், மன்னார் நீதிமன்ற எல்லைக்குள் உறுதி எழுத எனக்கு அதிகாரம் என்று இருந்தது. நான் கேட்டதும் அதுதான். நீதிபதிக்கு முன்னால் வேதாகமத்தில் கைவைத்துச் சத்தியம் எடுத்தபோது அப்பா நீதிமன்றத்தின் பின்வரிசையில் வெள்ளைச் சேட்டோடு இருந்தார். ஏதோ குற்றவாளியைப் போல் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு இருந்தார் என்று தங்கச்சி பிறகு பகிடி பண்ணினாள். காணிப் பதிவகத்துக்கு மாதிரிக் கையெழுத்துக் கொடுக்கப் போன அன்று வாசலில் இரண்டு கழுதைகள் படுத்திருந்தன. அவற்றைச் சுற்றிக்கொண்டுதான் உள்ளே போனேன். முத்திரை செய்வித்தேன். மிஸ்ஸின் கந்தோருக்கு அடுத்த தெருவில் ஒரு முன்னறையை வாடகைக்கு எடுத்து, பெயர்ப் பலகை மாட்டினேன்.

முதல் கட்சிக்காரர் யார் என்பதில் கேள்விக்கே இடமில்லை. அடுத்த நாள் காலை அப்பா, அம்மா, தங்கச்சி மூவரும் ஓட்டோவில் வந்து இறங்கினார்கள். அம்மா பெருநாள் சேலை கட்டியிருந்தார். அப்பா உள்ளே வந்ததும் ஒரு கணம் நின்று அறையைச் சுற்றிப் பார்த்தார். பிறகு கதவடியில் இருந்த கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து என் மேசைக்கு முன்னால், முழங்கால் மேசையில் முட்ட, போட்டுக்கொண்டு இருந்தார்.

நானும் முறைப்படி நடந்துகொண்டேன். வெள்ளைத் தாளை எடுத்து, பேனையைத் திறந்து, எல்லாக் கட்சிக்காரரிடமும் கேட்கிற மாதிரியே கேட்டேன்.

"சொல்லுங்கோ. ஆருக்கு எழுதோணும்?"

"உங்க ரெண்டு பேருக்கும்தான்" என்றார் அப்பா.

எனக்கு விளங்கவில்லை. "என்ன ரெண்டு பேருக்கும்?"

"வீடு தங்கச்சிக்கு. பக்கத்து வளவு உனக்கு. கிணறு ரெண்டு பேருக்கும் பொது. எங்கட சீவிய காலம் முடியுமட்டும் நாங்கள் இருப்பம் எண்டும் போடு. எல்லாம் ஒரே உறுதியில."

நான் தங்கச்சியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். "உனக்குத் தெரியாதே, அக்கா?" என்றாள். அவளுக்குத் தெரிந்திருந்தது. அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. பேசாலையில் பெடியனின் தாய்க்கும் சொல்லியிருந்தார்களாம். எனக்கு மட்டும் ஒருவரும் சொல்லவில்லை, ஏனென்றால் அது சொல்லத் தேவையில்லாத விஷயம் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். நானோ முழுக் காணியும் தங்கச்சிக்கு என்றே நம்பிக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்தில் காணி பெண்பிள்ளைகளுக்குச் சீதனமாகப் போகும். நான் முப்பது தாண்டியும் கலியாணம் கட்டவில்லை, கட்டுகிற எண்ணமும் இல்லை; எனக்குத் தொழில் இருக்கிறது, ஒன்றும் வேண்டாம் என்று நானே பல தடவை வாயால் சொல்லியிருக்கிறேன். அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்பது அன்றுதான் தெரிந்தது.

பேனையை மூடி வைத்தேன்.

"அப்பா, அப்பிடியெண்டா என்னால எழுத ஏலாது."

"ஏன்?"

"எனக்கு ஒரு பங்கு கிடைக்கிற உறுதியை நானே எழுதி அத்தாட்சிப்படுத்தக் கூடாது. சட்டம் விடாது."

தெருவில் பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டே போனது. அப்பா என் மேசையில் இருந்த முத்திரையை எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எனக்கு முன்னால் கிடந்த வெள்ளைத் தாளில் அதை வைத்து அழுத்தப் போனார். நான் பாய்ந்து பறித்தேன்.

"ஐயோ அப்பா, வெறுங் கடதாசியில அடிக்கக் கூடாது!"

"சும்மா பாக்கத்தானே போனனான்" என்றார், சின்னப் பிள்ளை மாதிரி.

அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. இவ்வளவு வருடமாக ஊரில் எல்லாரையும் காக்க வைத்து, தங்கச்சியின் கலியாணத்தையும் விளிம்புவரை கொண்டுவந்து, அந்த உறுதியை எழுதவே முடியாத ஒருத்திக்காக அல்லவா காத்திருந்திருக்கிறோம். வீட்டிலேயே சட்டம் படித்தவள் இருந்தும் ஒருநாள்கூட யாரும் யாரிடமும் அதைக் கேட்கவில்லை. அவர்கள் கேட்காததற்குக் காரணம் நம்பிக்கை. நான் கேட்காததற்குக் காரணம் என் பெரிய மனசு என்று நான் நினைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று.

வழி இருந்தது. சட்டம் படித்தவளுக்கு வழி தெரியாமல் போகுமா? "ரெண்டு உறுதியா எழுதுவம். தங்கச்சியின்ர உறுதியை நான் எழுதுறன், இண்டைக்கே. என்ரதை மிஸ் எழுதட்டும்" என்றேன். தங்கச்சி உடனே தலையாட்டினாள். அம்மாவும் 'அது நல்லம்' என்றார்.

அப்பா தலையை ஆட்டவில்லை. "ரெண்டு உறுதி வேண்டாம்" என்றார்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அப்பாவுக்கு இரண்டு அக்காமார். அவர்களுக்குக் காணியைப் பிரித்துக் கொடுத்தபோது ஒருவருக்கு ஒரு நாளும் மற்றவருக்கு இன்னொரு நாளும் உறுதி எழுதினார்கள். யாருக்கு முதலில் எழுதினார்கள், யாருடையதில் கிணறு சேர்ந்தது என்று தொடங்கிய கதை. நடுவில் கிடுகு வேலி அடைத்து, ஒரே பூசைக்குப் போய் வெவ்வேறு வாசலால் வெளியே வருகிறவர்கள் அவர்கள். அப்பாவின் தாய் இறந்த வீட்டிலும் ஒருவர் மூக்கைச் சிந்தி முடியும்வரை மற்றவர் உள்ளே வரவில்லை.

"ஒரே நாள். ஒரே கடதாசி. உங்க ரெண்டு பேர்ர பேரும் பக்கத்தில பக்கத்தில இருக்கோணும்" என்றார் அப்பா.

"அப்ப என்னை விட்டிடுங்கோ" என்றேன் நான். "எனக்கு வளவு வேண்டாம். முழுக்கத் தங்கச்சிக்கு எழுதுங்கோ, நானே எழுதுறன். நீங்கள் ஆசைப்பட்ட மாதிரி என்ர சீல் விழும். பேந்து வேணுமெண்டா நானும் அவளும் பாத்துக்கொள்ளுவம்."

நான் இதை மனசாரத்தான் சொன்னேன். என் முகத்தையும் முத்திரையையும் மாறி மாறிப் பார்த்தார் அப்பா. அவர் என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குப் பயமாக இருந்தது. அவர் சரி என்று சொல்லிவிடுவாரோ என்றுதான் பயம் என்பது அந்தக் கணத்தில்தான் எனக்கே தெரிந்தது. ஒன்றும் வேண்டாம் என்று வருடக்கணக்காகச் சொல்லித் திரிந்தவள், அந்த வளவு எனக்கு இருக்கிறது என்று கேள்விப்பட்டுச் சொற்ப நேரம்கூட ஆகவில்லை, அதை இழக்கப் பயந்தேன்.

அப்பா எழும்பினார். எனக்கு முன்னால் அவர் சத்தம் போட்டது அன்று ஒருநாள்தான்.

"கலியாணம் கட்டாத பிள்ளைக்கு ஒரு துண்டு நிலம் வேண்டாம் எண்டு உனக்கு ஆர் சொன்னது? படிச்சா வீட்டில பங்கில்லையோ? உன்ர சீல் ஊருக்கு விழட்டும். இது எங்கட காணி, நாங்கள் தேடினது. எழுத ஏலாதெண்டா எழும்பு, மிஸ்ஸிட்டப் போவம்."

அவர்கள் வெளியே இறங்கிய பிறகு நான் மேசையில் தலையை வைத்து அழுதேன். தங்கச்சி திரும்பி வந்து கதவை மூடிவிட்டு, "முதல் கட்சிக்காரர் வந்த நாளே கந்தோரில அழுகிற நொத்தாரிசு நீயாத்தான் இருப்பாய்" என்று சொல்லித் தன் லேஞ்சியைத் தந்தாள்.

மிஸ் அந்தக் கிழமையே எழுதித் தருவதாகச் சொன்னார். ஆனால் செய்தி எங்களுக்கு முன்னாலே தாழ்வுபாட்டுக்குப் போய்விட்டது. சொந்த மகள் பலகை மாட்டி இருக்கிறாள், தகப்பன் அதைத் தாண்டிப் போய் வேறு ஆளிடம் உறுதி எழுதுவிக்கிறார். இதற்கு ஊர் என்ன அர்த்தம் எடுக்கும்? பெரிய மாமி வந்து அம்மாவிடம் தன் பையைத் திருப்பிக் கேட்டார். அலுமாரியைத் திறக்கும்போது, "குறை நினைக்காதை மச்சாள், தன்ர வீட்டு உறுதியையே எழுத விடேல்லையெண்டா ஏதோ இருக்கத்தானே வேணும்" என்றாராம். அவரைப் பார்த்து இன்னும் இருவர் வந்தார்கள். அம்மா பைகளைக் கொடுத்துவிட்டு எனக்குப் போன் எடுத்துக் கத்தினார். தொழில் தொடங்கி ஒரு கிழமை ஆகவில்லை, என் கட்சிக்காரர் வந்த வழியே போய்க்கொண்டிருந்தார்கள்.

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்து என்ன பயன்? பெரிய மாமிக்கு நான் ஏற்கனவே ஒருமுறை சட்டம் விளங்கப்படுத்தியவள்.

விளங்கப்படுத்தியது அப்பா. காலையில் போட் கரைக்கு வந்து மீன் நிறுக்கிற நேரம், கரையில் சனம் கூடியிருக்க, அவர் வலையை உதறிக்கொண்டே கேட்டாராம்.

"சுவாமியார் பாவசங்கீர்த்தனம் கேப்பார் தானே?"

"ஓம்."

"அவர் பாவம் செய்தா?"

"வேற சுவாமியாரிட்டப் போவார்."

"தனக்குத் தானே கேக்கேலாதோ?"

"அதெப்பிடி ஏலும்?"

"அதுதான். என்ர பிள்ளை எழுதுற உறுதியில பிள்ளைக்கே பங்கு வந்தா, அவ எழுதேலாது. எழுத ஏலாதெண்டு தன்ர தேப்பனுக்கே சொன்னவ. இனி உங்கட உறுதியில அவ களவு செய்வாவோ?"

நான் கொழும்பில் படித்த எந்த விரிவுரையிலும் அதை அவ்வளவு நன்றாக ஒருவரும் சொன்னதில்லை. பிறகு பெரிய மாமி பையோடு நேரே என் கந்தோருக்கு வந்து, அலுமாரிக்குப் போன கதையே இல்லாத மாதிரி, "எப்ப பிள்ளை எழுதித் தருவாய்?" என்று கேட்டார். அவருடையதுதான் நான் முத்திரை போட்ட முதல் உறுதி.

கையெழுத்து வைக்கிற நாள் சனிக்கிழமை; தபசுகாலத்துக்கு முன் அறிவித்தல் வாசிக்க மூன்று ஞாயிறு இன்னும் மிச்சம் இருந்தது. மிஸ்ஸின் கந்தோரில் அப்பா, அம்மா, தங்கச்சி, நான், இரண்டு சாட்சிகள். சாட்சிகள் அப்பாவோடு கடலுக்குப் போகிறவர்கள். இருவரும் சேட்டு அயன் பண்ணிப் போட்டிருந்தார்கள். அந்த அறையில் எத்தனையோ நாள் நான் மேசைக்கு அந்தப் பக்கம் நின்றிருக்கிறேன். இந்தப் பக்கம் வந்து ஒரு கதிரையில் இருந்தது அன்றுதான். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கட்சிக்காரர் ஏன் எல்லாரும் மடியில் ஒரு பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருக்கிறார்கள் என்று அப்போது விளங்கியது.

மிஸ் வாசிக்கத் தொடங்கினார். கையெழுத்து வைக்க முன்னர் உறுதியை வாசித்து விளங்கப்படுத்த வேண்டும். அதில் அவர் ஒரு சொல்லும் விடமாட்டார். அப்பாவின் பெயர், அம்மாவின் பெயர், தாழ்வுபாடு, கிழக்கெல்லை, மேற்கெல்லை. பிறகு அந்த இடம் வந்தது.

"நன்கொடையாளர்களாகிய எமக்கு எமது மகள்மார் இருவர்மீதும் உள்ள இயற்கையான அன்பையும் பட்சத்தையும் முன்னிட்டு…"

நன்கொடை உறுதி எல்லாவற்றிலும் வருகிற வசனம் அது. சோதனைக்காக நான் பாடமாக்கியது. பணம் வாங்காமல் ஒரு காணியைக் கொடுப்பதற்குச் சட்டம் ஒரு காரணம் கேட்கும், அந்தக் காரணம் இது, அவ்வளவுதான் என்று நினைத்து, மிஸ்ஸின் கந்தோரில் எத்தனையோ பேருக்கு அதை எழுதியும் கொடுத்திருக்கிறேன். ஒருநாளும் அதை நான் வாசித்ததில்லை என்று சொல்ல வேண்டும்.

"மிஸ், பொறுங்கோ" என்றார் அப்பா. "அதைத் திருப்பி ஒருக்கா வாசியுங்கோ."

மிஸ் நிமிர்ந்து பார்த்தார். திருப்பி வாசித்தார், முதல் வாசித்த அதே குரலில்.

அப்பா கேட்டார். அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். "நாங்கள் இதைச் சொல்லேல்லையே. நீங்களா எழுதினீங்களோ?"

"எல்லா உறுதியிலயும் அது இருக்கும், ஐயா."

"இருக்கட்டும்" என்றார் அப்பா. "சரியாத்தான் இருக்கு."

தங்கச்சி என் கையைப் பிடித்தாள். மிஸ் மீதியை வாசித்து முடித்தார். அப்பா கையெழுத்து வைத்தார், அம்மா வைத்தார். பிறகு மிஸ் எங்கள் பக்கம் திரும்பினார். நன்கொடை என்றால் கொடுத்தால் மட்டும் போதாது. வாங்குகிறவர் மனசார ஏற்க வேண்டும், இல்லையென்றால் உறுதி நிற்காது. தங்கச்சியைக் கேட்டார். அவள் ஓம் என்று சொல்லிக் கையெழுத்து வைத்தாள்.

"உங்களுக்கு? உங்கட அப்பா அம்மா தாற இந்தக் காணியை ஏற்றுக்கொள்ளுறீங்களோ?"

நான் வாயைத் திறந்தேன். எத்தனையோ பேரிடம் கேட்கப்பட்டு, எத்தனையோ பேர் யோசிக்காமல் பதில் சொன்ன கேள்வி அது. எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று சொல்லியே பழகிய வாய்க்கு மற்றச் சொல் வரவில்லை.

"ஓம், மிஸ்" என்றார் அப்பா அவசரமாக. "அவவுக்குச் சம்மதம். நீங்கள் எழுதுங்கோ."

மிஸ் பேனையை எடுக்கவில்லை. தகப்பன் சொல்வது செல்லாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முகம் மாறாமல், அடுத்த பக்கத்தைத் திருப்பாமல், நான் சொல்லும்வரை காத்திருந்தார்.

"ஓம்" என்றேன்.